கப்பலேறினால் பாவமாம்!

கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பு, கோயில் மடைப்பள்ளிக்குள் போகலாம். கடலடியில் மூழ்கி எடுத்த முத்து, அம்மன் மார்பில் அசையலாம். கடல் கடந்து வந்த சீனத்துப் பட்டு, ஆண்டவன் இடையில் ஆடையாகலாம். உப்புக்கு இல்லாத தீட்டு, முத்துக்கு இல்லாத தீட்டு, பட்டுக்கு இல்லாத தீட்டு, கப்பலேறிப் படிக்கப் போன மனிதனுக்கு மட்டும் இருந்தது! எப்போது? மன்னராட்சிக் காலத்திலா? இல்லை, தோழர்களே! தந்தி வந்துவிட்டது, இரயில் வந்துவிட்டது, பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டு, படித்தவர்கள் வாழ்ந்த தெருக்களிலேயே அந்தத் தீட்டு திண்ணை போட்டு உட்கார்ந்திருந்தது.

போதாயனர் பெயரால் வழங்கும் தரும சூத்திரத்தில், சாதியிலிருந்து தள்ளத்தக்க குற்றங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பிறர் பொருளைத் திருடுவது அதிலே இருக்கிறது. நிலத்துக்காகப் பொய்ச்சாட்சி சொல்வது இருக்கிறது. சூத்திரனிடம் ஊழியம் செய்வதும் இருக்கிறது - அதை மறப்பார்களா! ஆனால் பட்டியலில் முதலிடம் எதற்குத் தெரியுமா? திருட்டுக்கு அல்ல, பொய்ச்சாட்சிக்கு அல்ல, கடற்பயணத்துக்கு! அதற்குக் கழுவாய், மூன்றாண்டு அரைவயிற்று உணவும் வேளை தவறாத முழுக்கும்.

இந்த விதியைக் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். இது பல்லவர் தலைநகராக இருந்த ஊர். அந்தப் பல்லவருக்குக் கடலோரத்தில் மாமல்லை இருந்தது. அங்கிருந்து மரக்கலங்கள் போயின, வந்தன. ஏழாம் நூற்றாண்டிலே சீனத்திலிருந்து புறப்பட்ட யுவான் சுவாங் என்ற மாணவன், ஆம், அறிவு தேடி வந்த மாணவன்தான், சுமார் 640ஆம் ஆண்டில் இந்தக் காஞ்சிக்கு வந்து சேர்ந்தான். அந்நியன் படிக்க வந்த ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளை அந்நிய நாட்டுக்குப் படிக்கப் போனால் மட்டும் பாவம் என்று பிற்காலத்தில் யாரோ சொன்னார்கள், கேட்டுக்கொண்டு இருந்தோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போனவர்களில் உலகமே அறிந்த பெயர் ஒன்று உண்டு: கணித மேதை சீனிவாச இராமானுஜன். பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில் என்று எல்லோரும் சொல்வார்கள். காஞ்சியை யாரும் சொல்வதில்லை. அவருடைய தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரத்தில் கோர்ட்டு உத்தியோகம் பார்த்தவர். பச்சிளம் பருவத்தில், தாயின் மடியில், இராமானுஜன் சில காலம் இந்த ஊரில்தான் இருந்தார். பாட்டனாருக்கு வேலை போன பிறகுதான் தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினார்கள்.

பட்டுக்கும் அவருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. தகப்பனார், கும்பகோணத்தில் சேலைக்கடை ஒன்றிலே கணக்கெழுதியவர். மாதச் சம்பளம் இருபது ரூபாய் அளவு. தறிக்காரன் நெய்த சேலை, கடைக்காரன் விற்ற சேலை, கணக்குப்பிள்ளை எழுதிய சேலை - அந்தச் சேலையின் கூலியிலே வளர்ந்த பிள்ளைதான் இராமானுஜன்.

அந்தச் சிறுவன் காஞ்சியிலே விளையாடிய நாட்களில், பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தறி தெரிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலும் கரையும் ஊடையிலே கோத்து நிற்கவேண்டும். ஒருவர் கை போதாது. குழித்தறியில் பெரியவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா எறியவேண்டும். அந்த இன்னொருவர் யார்? தலைமுறை தலைமுறையாக, பெரும்பாலும் ஒரு சிறுவன்! முன்பணம் வாங்கிய அப்பனுடைய கடனுக்கு ஈடாகத் தறியடியில் கட்டுண்ட சிறுவன். பத்து வயதில் அவனுக்கும் எண்ணத் தெரியும். இழை எண்ணுவான், புட்டா எண்ணுவான், முழம் எண்ணுவான். அவன் எண்ணிய எண்ணை நோட்டிலே எழுதச் சொல்லித் தந்தவர் யார்? அந்தக் குழிக்குள் எத்தனை இராமானுஜன்கள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. கணக்கெடுக்க யாரும் வரவில்லை!

இராமானுஜனைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் வறுமையைப் பார்த்தவர். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. கணக்கைத் தவிர மற்றப் பாடங்கள் ஏறவில்லை. சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து மீண்டும் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், மீண்டும் தோல்வி. (பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற அறப்பணத்திலே எழுந்தவை சென்னைக் கல்லூரியும் காஞ்சிப் பள்ளியும். அந்தப் பணம் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது என்று எண்ணியவர் குறைவு.) பட்டம் இல்லாத இளைஞன், வேலை தேடி வாசல் வாசலாக நடந்து, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கராகச் சேர்ந்தார். மாதம் முப்பது ரூபாய்.

வேடிக்கையைப் பாருங்கள்! துறைமுகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம். கப்பல் தந்த வருமானத்தில் சம்பளம் வாங்கலாம். அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கிப் பொங்கலாம், பூசைக்குப் பூ வாங்கலாம். கப்பலில் ஏறினால் மட்டும் தீட்டு! கப்பல் கொண்டுவரும் காசுக்குக் கழுவாய் கேட்காத சாத்திரம், கப்பலேறும் காலுக்கு மட்டும் கழுவாய் கேட்டது.

1913 சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜிலே இருந்த ஹார்டி என்ற கணிதப் பேராசிரியருக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். பட்டம் இல்லாத கணக்கர் அனுப்பிய அந்தத் தாள்களைக் குப்பையில் போடாமல், இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்து, ‘வா’ என்று அழைத்தார் ஹார்டி. அழைப்பு வந்தது, இவர் போகவில்லை! சாதி வழக்கம் தடுத்தது, தாயின் அச்சம் தடுத்தது. அறிவு ‘போ’ என்றது. ஆசாரம் ‘போகாதே’ என்றது. ஓராண்டு போயிற்று.

அந்த ஓராண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நல்ல காரியம் செய்தது, பாராட்டத்தான் வேண்டும். ஆராய்ச்சி உதவித்தொகை எம்.ஏ. பட்டம் பெற்றவருக்குத்தான் என்பது விதி. எஃப்.ஏ. கூடத் தேறாத இராமானுஜனுக்கு அதைக் கொடுத்தார்கள் - மாதம் எழுபத்தைந்து ரூபாய், 1913 மே முதல். விதியைவிட அறிவு பெரிது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டார்கள். திறமையிருந்தால் விதியை வளைக்க முடியும் என்பதற்கு இது சான்று. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த வளைவு அதற்குப் பிறகு எத்தனை பேருக்குக் கிடைத்தது? தேர்வில் தவறிய குடியானவன் மகனுக்குத் ‘தகுதி இல்லை’ என்றல்லவா வாசலிலேயே சொல்லியனுப்பினார்கள்!

1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் பேராசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். இராமானுஜனைக் கையோடு அழைத்துவர முயலும்படி ஹார்டி சொல்லியனுப்பியிருந்தார். நெவில் பேசத் தொடங்குமுன்பே இராமானுஜன் இசைந்துவிட்டிருந்தார்! நாமக்கல் நாமகிரித் தாயார் அன்னையின் கனவில் தோன்றி, மகனைத் தடுக்காதே என்று சொன்னதாகச் சொல்வார்கள். நமக்குக் கனவில் நம்பிக்கையில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது: மகனை அனுப்பவேண்டும் என்று ஒரு தாயின் மனம் துடித்திருக்கிறது, ஊரார் வாயை மூடுவதற்கு அவளுக்கு ஒரு கனவு தேவைப்பட்டிருக்கிறது. பகலிலே தன் வாயால் ‘போய் வா’ என்று சொல்லத் துணிவு தராத சமுதாயம், இரவிலே கனவு கண்டு சொல்ல வைத்தது.

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அந்நாள் கணக்குப்படி பவுனுக்குப் பதினைந்து ரூபாய். ஆக 3,750 ரூபாய். கப்பற் கட்டணம் தனி. அந்தத் தொகையிலிருந்து மாதம் அறுபது ரூபாய் கும்பகோணத்துக்குப் பெற்றோருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் புறப்பட்டார் இராமானுஜன். குடுமியைக் கத்தரித்தார்கள். கோட்டும் காலணியும் மாட்டினார்கள். அந்தக் கோலத்தைப் பார்க்கவேண்டாம் என்று தாயையும் மனைவியையும் முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17, நெவாசா என்ற கப்பல் சென்னையை விட்டு நகர்ந்தது. படிக்கப் போன பிள்ளையை வழியனுப்பப் பெற்றவள் வரவில்லை.

இந்த ஒரு கப்பலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்! அதே சென்னைத் துறையிலிருந்து, அதற்கு 54 ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்ட இன்னொரு கப்பலும் உண்டு. ட்ரூரோ அதன் பெயர். 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் அது போய் நின்றது. உள்ளே இருந்தவர்கள் மாணவர்கள் அல்ல; ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைரேகை வைத்த கூலிகள். கரும்புத் தோட்டத்தில் கழுத்தொடிய உழைக்கப் போனவர்கள். 1911 வரை அப்படி அந்த நேட்டாலுக்கு மட்டும் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காட்டான் அதில் உண்டு, நம் செங்கற்பட்டு மாவட்டத்தான் உண்டு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் மோரீசுக்கும் பிஜிக்கும் போனவர்களை இதில் சேர்க்கவில்லை.

அவர்களுக்கும் கடல் என்றால் நடுக்கம்தான். ஆனால் 1876-78 பஞ்சத்தைப் பார்த்த மக்களுக்கு, கடலைவிடக் காய்ந்த வயிறு பெரிய பயமாக இருந்தது. அந்தக் கூலிகள் சாரி சாரியாகக் கப்பலேறியபோது, ‘ஐயோ, கடல் தாண்டாதே, சாதி கெடும்’ என்று துறைமுக வாசலில் வந்து மறித்த சாத்திரி உண்டா? ‘கழுவாய்க்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்’ என்று வந்த மடம் உண்டா? இல்லை! படிக்கப் போனால் பாவம். பாடுபடப் போனால் பாவமில்லை. மூளை கடல் தாண்டினால் முணுமுணுப்பு. முதுகெலும்பு கடல் தாண்டினால் மௌனம். கெடுவதற்கு ஒரு சாதி மதிப்பு இருந்தால்தானே கடல் அதைக் கெடுக்கும்! பிறவியிலேயே தாழ்ந்தவன் என்று தள்ளிவைத்தவனை மறுபடியும் தள்ள இடமேது?

இன்னும் ஒரு கணக்கு. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலிலேயே தங்க விரும்பிய தொழிலாளிக்கு, 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி போட்டது. ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். ஆறு மாதக் கூலி! ஆணுக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் வரி, வளர்ந்த பிள்ளைக்கும் வரி. அந்த வரியையும், நம்மவர் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்துத்தான் 1913இல் தமிழ்த் தொழிலாளர்கள் சுரங்கத்தை விட்டும் தோட்டத்தை விட்டும் வெளியேறினார்கள். தில்லையாடி வழிவந்த பெண் வள்ளியம்மை மூன்று மாதம் கடுங்காவல் பெற்றாள்; சிறையில் நோயுற்று, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மாண்டாள். வயது பதினாறு. இராமானுஜனின் கப்பல் சென்னையை விட்டது அதற்கு இருபத்துமூன்றாம் நாள். மூன்று பவுன் வரி ஒழிந்ததும் அதே 1914இல்தான். ஒரே ஆண்டு, ஒரே கடல். ஒரு தமிழனுக்கு 250 பவுன் உதவி. இன்னொரு தமிழனுக்கு 3 பவுன் வரி!

இராமானுஜன் கதைக்குத் திரும்புவோம். அதன் முடிவு இதைவிடக் கசப்பானது. கேம்பிரிட்ஜ் அவரை வாரி அணைத்தது. 1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினர். ஆனால் போர்க்காலம், குளிர்நாடு, மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு. தானே பொங்கித் தானே தின்று, பல வேளை தின்னாமலும் இருந்து, 1917 முதல் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

உலகம் துக்கம் காத்தது. உறவினர்? வைதிக உறவினர்களில் பெரும்பாலோர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை! ஏன்? கடல் தாண்டியவர் இராமேசுவரம் போய்க் கழுவாய் செய்யவில்லையாம். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இராமேசுவரத்துக்கு எப்படிப் போவார்? எண்களின் இரகசியத்தைக் கண்டவர் பிணமாகக் கிடக்கிறார். வாசலில் நின்று சாத்திரம் கணக்குக் கேட்கிறது. இருபத்தோரு வயதில் விதவையான அவருடைய மனைவி சானகி அம்மாள், பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்தார். 1994 வரை வாழ்ந்தார். சாதிக் கொடுமை என்றால் தாழ்த்தப்பட்டவனை மட்டும் தாக்குவது என்று எண்ணுகிறவர்கள், அந்தச் சேத்துப்பட்டு வீட்டு வாசலை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

கடலைக் கண்டு அஞ்சியவர்கள் அதற்கு ஒரு மாற்று வழியும் கண்டுபிடித்தார்கள். அது அரசியல் சம்பந்தப்பட்ட செய்தி, கவனமாகக் கேளுங்கள். அந்நாளில் மாவட்டக் கலெக்டராக வேண்டுமானால் ஐ.சி.எஸ். தேர்வு எழுதவேண்டும். தேர்வு நடந்த இடம் இலண்டன். அங்கே போகச் செல்வம் வேண்டும். சாதிக்கட்டை மீறும் துணிவும் வேண்டும். தேர்வை இங்கேயும் நடத்து என்று காங்கிரசு கேட்டது. 1893 சூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது.

நியாயமான கோரிக்கைதானே என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 23, சென்னை இராயப்பேட்டை வெசுலி கல்லூரியில் ஒரு கூட்டம். கூட்டியவர் நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். ‘பறையன்’ என்று தம் இதழுக்கே பெயர் வைத்து, இகழ்ச்சிச் சொல்லைக் கொடியாக ஏற்றியவர். அந்தக் கூட்டம் ‘தேர்வை இங்கே நடத்தாதே’ என்று சொன்னது! 3,412 பேர் கையொப்பம், 112 அடி நீள விண்ணப்பம் பாராளுமன்றத்துக்குப் போயிற்று. 112 அடி! சேலை நெய்கிறவர்களுக்கு அந்த நீளம் புரியும்.

ஏன் எதிர்த்தார்கள்? வெள்ளையன்மீது காதலா? இல்லை. தேர்வு இங்கே நடந்தால், பள்ளிக்கூடத்தை முன்பே வளைத்துக்கொண்ட மேல்சாதியார் எல்லா நாற்காலியிலும் உட்காருவார்கள். கிராமத்தில் கிணற்றை மறித்தவன் மாவட்டத்தில் கலெக்டராகவும் வந்தால் நாங்கள் எங்கே போய் முறையிடுவது - இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. முதலில் பள்ளிக்கூட வாசலைத் திற, பிறகு தேர்வுக்கூட வாசலைப் பற்றிப் பேசலாம் என்பது அதன் பொருள். அவர்களைத் தேசத்துரோகிகள் என்று ஏசியவர்கள் உண்டு. ஏசியது சுலபம், பதில் சொன்னவர் யார்? 1922இல்தான் தேர்வு இங்கும் நடக்கத் தொடங்கியது. இரட்டைமலையார் அதற்குள் தாமே கடல் தாண்டி, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு இருந்து திரும்பிவிட்டார். 1930இல் மீண்டும் கப்பலேறினார். இந்த முறை அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு. அந்த அம்பேத்கரும், 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர்தான். கடல் அவரைத் தீட்டாக்கவில்லை. திரும்பி வந்து 1917இல் பரோடாவில் உத்தியோகம் ஏற்றபோது, அந்த ஊரில் குடியிருக்க அவருக்கு ஒரு வீடு கொடுப்பார் இல்லை!

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் போனதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பி.டி. இராசன் ஆக்ஸ்போர்டுக்குப் போனார், டாக்டர் சுப்பராயனும் போனார். திரும்பி வந்து அமைச்சுப் பொறுப்பும் ஏற்றார்கள். நிலமும் நிதியும் இருந்தவர்களுக்குக் கடல் குறுகலாகத்தான் தெரிந்தது. அவர்கள் படித்தது நாட்டுக்கும் பயன்பட்டது, மறுக்கவில்லை.

ஆனால் முத்துலட்சுமி அம்மையார் பயணத்தைச் சொல்லாமல் விடமுடியாது. புதுக்கோட்டையில் பிறந்தவர்; தாயார் இசை வேளாளர் குலம். எந்தக் குலத்துப் பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்களோ அந்தக் குலம். காஞ்சி போன்ற கோயில் நகரத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆண்கள் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது, சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். 1925இல் அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். திரும்பி வந்து சட்டமன்றத்தில் அமர்ந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் எழுப்பியது. பயணச் செலவு அரசுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? அந்த மருத்துவமனையில் 1954 முதல் உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால், அதைச் செலவு என்று எழுதக் கைவராது.

காஞ்சியிலே நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அழைக்கப் போனார். மாணவராக அல்ல, மாணவர்களோடு உரையாடும் முதலமைச்சராக. விமானம் ஏறிப் போனவரைக் கழுவாய் செய் என்று கேட்க அப்போது ஒருவரும் இல்லை. கடல் தீட்டு, காணாமலே போய்விட்டது.

தீட்டு போயிற்று; தடை போயிற்றா? தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்க, மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் இருக்கிறது. 2021-22 கணக்கை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதற்கும் 125 இடம். 115 தாழ்த்தப்பட்டோருக்கு. 6 சீர்மரபினர், நாடோடிப் பிரிவினருக்கு. மீதி 4. அந்த நான்கு யாருக்கு? நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் - இருவருக்கும் சேர்த்து! காசுமீரத்துக் கம்பளக்காரன் பிள்ளை, காசிப் பட்டுக்காரன் பிள்ளை, தஞ்சைக் கூலியாள் பிள்ளை, நம் காஞ்சித் தறிக்காரன் பிள்ளை, எல்லோரும் அந்த நான்கு இடத்து வாசலில் முட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சேலையின் முந்தானைக்கு எடுக்கும் ஜரிகை இழைகளை எண்ணிப் பாருங்கள். அதைவிடக் குறைவாகவா இந்த நாட்டில் கைவினைஞர் பிள்ளைகள் இருக்கிறார்கள்?

அதோடும் விடவில்லை. 2022இல் ஒரு புது விதி வந்தது. இந்தத் தொகையில் வெளிநாடு போகிறவர்கள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமுதாயம் பற்றிய ஆராய்ச்சி செய்யக்கூடாதாம்! அதற்கு இங்கேயே வசதி இருக்கிறதாம்! பொறியியல் படி, மருந்து படி, எண் படி. உன் பாட்டன் ஏன் தறிக்குழியிலே உட்கார்ந்தான் என்று மட்டும் படிக்காதே. இலண்டன் நூலகத்தில் நம் ஊர்ப் பழைய ஆவணங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்க வெள்ளைக்கார மாணவனுக்கு வழியுண்டு. இந்த உதவித்தொகையை நம்பிப் போகும் சேரிப் பிள்ளைக்கு வழியில்லை. போதாயனர் கப்பலைத் தடுத்தார். இவர்கள் கப்பலை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தடுத்தார்கள். எது பெரிய தடை?

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். இந்தத் திட்டத்துக்குப் பட்டத்தேர்வில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண், வயது முப்பத்தைந்துக்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள் என்பது அந்த ஆண்டுகளின் விதி. மாறியிருந்தால் புது அறிவிப்பைக் கேட்டுப் பெறுங்கள். மாநில அரசின் உதவித்தொகை அறிவிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிள்ளையார்பாளையத்துப் படிப்பகத்தில் ஒன்று, நெசவாளர் கூட்டுறவுச் சங்க வாசலில் ஒன்று, பாவு போடும் தெருமுனையில் ஒன்று ஒட்டுங்கள். சான்றிதழ் வாங்கத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய, தறியை நிறுத்திவிட்டு அப்பன் போகமுடியாது. ஒருநாள் தறி நின்றால் ஒருநாள் கூலி போயிற்று. அந்த அலைச்சலுக்குக் கிளைக்கு இரண்டு பேர் போதும். பெயர் கொடுத்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வாருங்கள்.